வீட்டுக் கதவும் அரசாங்கத்துக் கண்ணும்



இந்தப் பக்கத்தில் வழக்கமாகச் சேமலாப நிதி, பிள்ளைமடுவம், குடிதண்ணீர் என்று எழுதுவோம். இம்முறை எழுதப்போவது வேறொரு விஷயம். தோட்டம் தோட்டமாகப் போகும்போது பல லயங்களில் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "ஐயா, ஃபாரம் கொண்டாந்து குடுத்திருக்காங்க. வீட்டுல யார் யார் இருக்காங்க, கொழும்புல யார் வேலை செய்யிறாங்க, போன் நம்பர் என்னான்னு எல்லாம் கேக்குறாங்க. எழுதிக் குடுக்கணுமா? என்னாத்துக்கு இதெல்லாம்?"

நல்ல கேள்வி. இதற்கு "குடுங்க" என்றோ "குடுக்காதீங்க" என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. அரசாங்கம் நம்மைப் பற்றி எதைத் தெரிந்துகொள்ளலாம், எது நம்ம வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதை யோசித்துப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும்.

இரண்டு பக்கமும் நியாயம் உண்டு

அரசாங்கம் ஆட்களைப் பதியத்தான் வேண்டும். பிறப்பைப் பதியாவிட்டால் பிள்ளையைப் பாடசாலையில் சேர்ப்பது கஷ்டம். பெயர் இல்லாவிட்டால் வாக்கு இல்லை. களவு, கொலை, குண்டு வைப்பது என்று வந்தால் பொலிஸ் தேடித்தான் ஆக வேண்டும். "யாரையும் எதுவும் கேட்காதே" என்று ஓர் அரசாங்கத்துக்குச் சொல்ல முடியாது.

அதேபோல, மனுசனுக்கு ஒரு கதவு வேண்டும். லயத்து அறையில் ஒரு பக்கம் இருமினால் மறுபக்கம் கேட்கும். அப்படிப்பட்ட இடத்திலும் நாம் கதவைச் சாத்திக்கொண்டுதான் குடும்ப விஷயம் பேசுகிறோம். யாருக்கு என்ன நோய், யாருக்கு எவ்வளவு கடன், யார் எந்தச் சங்கத்தில் சந்தா கட்டுகிறார், யார் எந்தக் கட்சிக்கு வாக்குப் போட்டார் என்பதெல்லாம் ஊருக்குச் சொல்ல வேண்டிய விஷயமா? ஒளிக்கிறவன் எல்லாம் குற்றவாளி இல்லை. மானமாக வாழ நினைக்கிறவனும் சிலதை மறைத்துத்தான் வைப்பான்.

நம்ம சனம் இரண்டு விதமாகவும் அடிபட்டது

இந்த விஷயம் மற்றவர்களுக்குப் புதிதாக இருக்கலாம். தோட்டத்துச் சனத்துக்குப் பழையது. நம்ம பாட்டன் பூட்டனைத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டி வந்த காலத்தில் அவர்களுக்குத் தகரச் சீட்டு கொடுத்தார்கள். எந்தத் தோட்டம், எத்தனையாம் ஆள் என்று அதில் இலக்கம் பொறித்திருக்கும். மனுசனுக்குப் பெயர் இருந்தும் இலக்கமாகத்தான் வந்து சேர்ந்தான்.

தோட்டத்துக்கு வந்த பிறகு 'துண்டு' என்று ஒன்று இருந்தது. ஒரு தொழிலாளி இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், அவர் பெயரில் இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டுகிறவர் இவரை எடுத்துக்கொள்ளலாம் என்று துரை ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார். துண்டு இல்லாதவரை வேறு தோட்டத்தில் சேர்க்கமாட்டார்கள். அதில் எழுதியிருந்த கணக்குச் சரியா பிழையா என்று வாசித்துப் பார்க்கப் பெரும்பாலானவர்களுக்கு எழுத்தும் தெரியாது, கேட்கவும் முடியாது. 1921ல் தான் அந்தத் துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. நம்மைப் பற்றிய காகிதம் நம்ம கைக்கு வராமல் மற்றவர் கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டியதில்லை.

மறுபக்கத்தையும் பாருங்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, காகிதம் இல்லாததால்தான் நாம் அடிபட்டோம். அடுத்த வருசம் வந்த சட்டத்தின்படி விண்ணப்பித்தவர்களிடம், இந்த நாட்டில் தொடர்ந்து குடியிருந்ததற்கு எழுத்தில் ஆதாரம் கேட்டார்கள். லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்தவரிடம் என்ன ஆதாரம் இருக்கும்? லட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி செய்யப்பட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களை இரண்டாகப் பிரித்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான் மிச்சமிருந்தவர்களின் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது.

ஆகவே "பதியாமல் இருந்தால் பாதுகாப்பு" என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். பதிந்ததாலும் பட்டோம், பதியாததாலும் பட்டோம். பதிவு யாருக்காக, யார் கையில், எந்த விதியின் கீழ் என்று பார்த்தால்தான் அது நன்மையா தீமையா என்று தெரியும்.

அடையாள அட்டை என்ன சொல்கிறது?

1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ்தான் நமக்கு அடையாள அட்டை கிடைக்கிறது. தோட்டத்தில் குடியிருப்பவர்களின் விண்ணப்பத்தைத் தோட்ட அத்தியட்சகரே உறுதிப்படுத்தலாம் என்பது உங்களுக்குத் தெரியும்.

பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. அட்டையின் இலக்கமே நம்மைப் பற்றிப் பேசும். புதிய 12 இலக்க அட்டையில் முதல் நான்கும் பிறந்த வருசம். அடுத்த மூன்றும் அந்த வருசத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். 1985 பெப்ரவரி 12ஆம் திகதி பிறந்த பெண்ணின் இலக்கம் 1985543 என்று ஆரம்பிக்கும். அதாவது, இலக்கத்தைச் சொன்னாலே வயதும் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடும். அதனால் கடைக்காரர், சீட்டுப் பிடிப்பவர், லோன் தருவதாக வருபவர் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் அட்டையை ஃபோட்டோ எடுக்கக் கொடுக்காதீர்கள். உங்கள் அட்டையைக் காட்டி வேறொருவர் சிம் எடுத்திருந்தால் பிறகு பொலிஸ் உங்களைத்தான் தேடி வரும். உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று போனில் #132# அழுத்திப் பார்க்கலாம்.

தம்பலகாமத்து வீதியில்

நான் பிறந்து வளர்ந்தது தம்பலகாமம். திருகோணமலையிலிருந்து கண்டிக்குப் போகும் வீதியில், கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் வயல் விளையும் ஊர். 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்தை விட்டு வடக்கு கிழக்குக்குப் போனவர்களில் உங்கள் சொந்தக்காரர்களும் இருப்பார்கள். அவர்களைப் பார்க்கப் போனவர்களுக்கு அந்த வீதி தெரியும்.

யுத்த காலத்தில் அந்த வீதியில் பஸ் நிற்கும். எல்லோரும் மூட்டை முடிச்சோடு இறங்கி, வரிசையில் நின்று, அட்டையைக் காட்டி, பையைத் திறந்து காட்டி, நடந்து மறுபக்கம் போய் ஏற வேண்டும். அட்டையில் பிறந்த இடம் எழுதியிருக்கும். ஆளைப் பார்ப்பதற்கு முன் அந்த வரியைத்தான் பார்ப்பார்கள். குண்டு வெடிக்காமல் பார்க்கத்தான் சோதனை, அதை மறுக்கவில்லை. அதே பஸ்ஸில் வந்தவர்களில் சிலர் விரைவாகப் போவார்கள். சிலரை ஓரமாக நிற்கச் சொல்வார்கள். ஓரமாக நின்றவர் செய்தது என்ன? குறிப்பிட்ட இடத்தில் பிறந்தது ஒன்றுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1998 பெப்ரவரி 1ஆம் திகதி தம்பலகாமம் பாரதிபுரத்தில் 8 தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். பொலிஸாரும் ஊர்காவல் படையினரும் செய்ததாகவே குற்றச்சாட்டு. அப்படிப்பட்ட ஊரில் சீருடை போட்டவர் கதவைத் தட்டி, "வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டால் சனத்துக்கு என்ன தோன்றும்? கேள்வி சின்னதுதான். கேட்கிறவர் மேல் நம்பிக்கை இல்லாவிட்டால் சின்னக் கேள்வியும் பயமாக இருக்கும்.

பட்டியல் கையில் இருந்தால் என்ன செய்யலாம்?

கொழும்பில் வேலைக்குப் போன நம்ம பிள்ளைகளுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பில் லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு போன்ற இடங்களுக்கு அனுப்பினார்கள். வைத்தியத்துக்கு வந்தவர், வெளிநாட்டு விசாவுக்கு வந்தவர், வேலை தேடி வந்தவர் என்று பார்க்கவில்லை. லொட்ஜில் தங்குபவர்கள் பொலிஸில் பதிந்திருந்தார்கள். அதாவது சட்டத்துக்குப் பணிந்து பெயர் கொடுத்தவர்களைத்தான் இலகுவாகப் பிடித்து ஏற்ற முடிந்தது.

மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் என்ற அமைப்பு உடனே உயர் நீதிமன்றம் போனது. மறுநாளே, ஜூன் 8ஆம் திகதி, வெளியேற்றுவதை நிறுத்தும்படி நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அப்போதைய பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க அரசாங்கத்தின் சார்பில் வருத்தம் தெரிவித்தார்.

2011ல் யாழ்ப்பாணம், கிளிநொச்சி மாவட்டங்களில் படையினர் குடும்பம் குடும்பமாகப் பதிவு செய்தார்கள். யுத்தம் முடிந்து இரண்டு வருசம் ஆகப்போகும் நேரம் அது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்புப் பாராளுமன்ற உறுப்பினர்கள் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். அந்தப் பதிவை நிறுத்துவதாகச் சட்டமா அதிபர் தரப்பு மார்ச் மாதம் நீதிமன்றத்தில் சொன்னது.

இந்த இரண்டு தடவையும் கத்தி, கூச்சலில் காரியம் நடக்கவில்லை. "எந்தச் சட்டத்தின் கீழ் இதைச் செய்கிறாய்?" என்று நீதிமன்றத்தில் கேட்ட ஒரு கேள்விதான் நிறுத்தியது. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரையும் பார்த்தால் ஆபத்து நின்றுவிடுமா?

"நாலு பேர் கஷ்டப்பட்டாலும் பரவாயில்லை, நாடு பத்திரமாக இருக்க வேண்டும்" என்று சிலர் சொல்வார்கள். 2019 ஏப்ரல் 21ஆம் திகதியை நினைத்துப் பாருங்கள். ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தத் தாக்குதல் நடக்கப்போகிறது என்று இந்தியாவிலிருந்து முன்கூட்டியே தகவல் வந்திருந்தது. தகவல் கையில் இருந்தும் பொறுப்பானவர்கள் உரிய நடவடிக்கை எடுக்கவில்லை. 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்றும், அப்போதிருந்த பொலிஸ், புலனாய்வு அதிகாரிகளும் கட்ட வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

அன்று குறைவாக இருந்தது தகவல் இல்லை. குறிப்பிட்ட ஆட்களைப் பற்றி வந்த குறிப்பிட்ட தகவலை வைத்து வேலை செய்யும் பொறுப்புத்தான் குறைவாக இருந்தது. மலை முழுக்க மருந்து அடிப்பது ஒரு வேலை, நோய் வந்த செடியைக் கண்டுபிடிப்பது வேறு வேலை. சந்தேகம் உள்ள ஆளைக் காரணத்தோடு தேடுவது காவல். ஓர் இனத்தையே, ஒரு தோட்டத்தையே பட்டியல் போட்டு வைப்பது காவல் ஆகாது.

பக்கத்து நாட்டில் ஒரு கதவு

இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்று ஒருவர். 1941ல் ஒரு கொள்ளை வழக்கில் பிடித்து, சாட்சி இல்லாமல் விட்டுவிட்டார்கள். விட்ட பிறகும் பொலிஸ் அவர் பெயரில் ஒரு கோப்பு திறந்து வைத்தது. இரவில் வந்து கதவைத் தட்டுவார்கள், சத்தம் போட்டு எழுப்புவார்கள், இருக்கிறாரா என்று பார்ப்பார்கள். அவர் இந்திய உச்ச நீதிமன்றம் போனார். இரவில் வீட்டுக்கு வந்து எழுப்பும் உரிமை பொலிஸுக்கு இல்லை என்று 1962ல் தீர்ப்பு வந்தது. ஆனால் அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை என்று அந்த நீதிமன்றம் அன்று ஏற்கவில்லை.

அதற்கு 55 வருசம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி, ஆதார் அட்டையை எதிர்த்துப் போட்ட வழக்கில், 2017 ஓகஸ்ட் 24ஆம் திகதி ஒன்பது நீதிபதிகளும் ஒரே முடிவாக, அந்தரங்கம் அடிப்படை உரிமைதான் என்றார்கள். அரசாங்கம் அதில் கை வைக்கவே கூடாது என்று சொல்லவில்லை. கை வைக்க வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான தேவை இருக்க வேண்டும், தேவைக்கு மேலே போகக்கூடாது என்றார்கள். அடுத்த வருசம், 2018 செப்டெம்பர் 26ஆம் திகதி, நலன்புரி உதவிகளுக்கு ஆதார் கேட்கலாம், ஆனால் வங்கிக் கணக்குக்கும் சிம்முக்கும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அளந்து தீர்ப்புச் சொன்னார்கள்.

நம்ம நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

நம்ம 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பில் "அந்தரங்க உரிமை" என்று தனியாக ஒரு வாசகம் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் இல்லை. ஆனால் சட்டத்தின் முன் எல்லோரும் சமம், சட்டப்படி அல்லாமல் கைது செய்யக்கூடாது, நாட்டுக்குள் விரும்பிய இடத்தில் போய் இருக்கலாம் என்ற உரிமைகள் உண்டு. இவற்றை மீறினால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அவர்கள் விசாரிக்கும் காலத்தை அந்த மாதத்தில் கணக்குப் பார்ப்பதில்லை.

மறுபக்கம், 1979ல் தற்காலிகமாக என்று கொண்டு வந்து 1982ல் நிரந்தரமாக்கிய பயங்கரவாதத் தடைச் சட்டம், பிடியாணை இல்லாமலே வீட்டுக்குள் புகுந்து சோதனை போட அதிகாரம் கொடுத்தது. நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் 18 மாதம் வரை தடுத்து வைக்கலாம் என்றிருந்ததை 2022ல் 12 மாதமாகக் குறைத்தார்கள். தற்காலிகம் என்று வருவது எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு இது ஒரு பாடம்.

2022ல் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. நம்மைப் பற்றிய விவரத்தைச் சேர்ப்பவர்கள் என்ன காரணத்துக்காகச் சேர்க்கிறோம் என்று சொல்ல வேண்டும், அந்தக் காரணத்துக்கு மேல் பாவிக்கக் கூடாது என்பதுதான் இதன் சாரம். அரசாங்க நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். ஆனால் அமுல்படுத்துவது தள்ளித் தள்ளிப் போனது. அதே 2022 மார்ச்சில்தான் கைரேகை, கண், முகம் எல்லாம் பதியும் புதிய டிஜிட்டல் அடையாளத் திட்டத்துக்கு இந்தியாவின் உதவியோடு உடன்படிக்கை ஆனது. அடையாள அட்டை தொலைந்தால் புது அட்டை எடுக்கலாம். கைரேகை ஒருமுறை தவறான கைக்குப் போனால் புது விரல் எடுக்க முடியாது. ஆகவே பதியும் வேலை ஓடுகிற வேகத்தில் பாதுகாக்கும் சட்டமும் ஓட வேண்டும் என்று நம்ம பிரதிநிதிகளிடம் கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஃபாரம் வந்தால் என்ன செய்வது?

முதலாவது, சண்டை பிடிக்க வேண்டாம், பயப்படவும் வேண்டாம். வீட்டில் இருப்பவர்களின் பட்டியலைக் கேட்கப் பொலிஸார் 1865ஆம் ஆண்டுப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 76ஆம் பிரிவைக் காட்டுவார்கள். மரியாதையாக ஐந்து கேள்வி கேளுங்கள். நீங்கள் எந்த நிலையம் அல்லது அலுவலகம்? எந்தச் சட்டத்தின் கீழ் கேட்கிறீர்கள்? எதற்காக? யார் யார் பார்ப்பார்கள்? எங்கள் வீட்டில் மட்டுமா, எல்லா வீட்டிலுமா? பதிலை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள்.

இரண்டாவது, தமிழில் ஃபாரம் கேளுங்கள். வாசிக்காத காகிதத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். வெற்றுத் தாளில் ஒருபோதும் வைக்காதீர்கள். கொடுத்த ஃபாரத்தின் ஒரு பிரதியை எடுத்து வையுங்கள். பொய் எழுதாதீர்கள், அது பிறகு உங்களையே பிடிக்கும்.

மூன்றாவது, எந்த மதம், எந்தச் சங்கம், எந்தக் கட்சி என்று கேட்டால், அது எதற்கு வேண்டும் என்று காரணம் கேளுங்கள். வங்கி அட்டையின் ரகசிய இலக்கத்தை எந்த அதிகாரிக்கும் சொல்லத் தேவையில்லை.

நான்காவது, வீட்டைச் சோதனை போட வந்தால் பிடியாணை இருக்கிறதா என்று கேட்கலாம். பெண்களைப் பெண் ஒருவர்தான் சோதிக்க வேண்டும். கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும். சாதாரணச் சட்டத்தின் கீழ் 24 மணித்தியாலத்துக்குள் நீதவானிடம் கொண்டுபோக வேண்டும்.

ஐந்தாவது, சந்தேகம் இருந்தால் 2016ஆம் ஆண்டின் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ், அந்த அலுவலகத்தின் தகவல் அதிகாரிக்கு எழுத்தில் கேட்கலாம். 14 வேலை நாளுக்குள் அவர் முடிவைச் சொல்ல வேண்டும். அநியாயம் நடந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். வழக்குச் செலவுக்கு வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

இதே கேள்விகளை எங்கள் நலன்புரி அலுவலகத்திலும் கேளுங்கள். எங்களிடமும் குடும்பப் பதிவேடு இருக்கிறது, பிள்ளைப்பேறு விவரம் இருக்கிறது, நோய் விவரம் இருக்கிறது. அவை உங்கள் நன்மைக்காக எழுதியவை. அதற்கு வெளியே யாராவது கேட்டால் காட்டலாமா என்று உங்களைக் கேட்காமல் காட்டுவது சரியில்லை.

கொழுந்து நிறுக்கும்போது நாம் தராசைப் பார்க்கிறோம். கணக்கப்பிள்ளை கள்ளன் என்று நினைத்தா பார்க்கிறோம்? இல்லை. நம்ம உழைப்பு, நம்ம கணக்கு, அதனால் பார்க்கிறோம். பார்க்கிறவர் முன்னால் தராசு நேராக நிற்கும். அரசாங்கம் நம்ம பெயரை எழுதட்டும். எழுதுகிற புத்தகம் எது, எந்தச் சட்டம், யார் பொறுப்பு என்று நாமும் பார்ப்போம். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் மாதர் சங்கம், தொழிற்சங்கம், இளைஞர் கழகம் மூலம் சேர்ந்து கேளுங்கள். பிள்ளைகளுக்கும் கேட்கக் கற்றுக்கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் தோட்ட நலன்புரி அதிகாரி